சொன்ன சொல் தவறாதது

திருச்சி தில்லைநகரில் ஒரு பார்லரின் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நாலே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு சிகிச்சையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். எத்தனையோ மருந்தையும் மருத்துவத்தையும் பார்த்த வயசு எனக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்து முடிக்கும் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் காட்டுவேன். கெரட்டின் ஸ்மூத்தனிங் என்று பெயர். முடி நேராகும் என்றார்கள், நேரானது. பளபளக்கும் என்றார்கள், பளபளத்தது. நாலு மாதம் நிற்கும் என்றார்கள். நாலு மாதம் நின்றது. அதற்கு மேல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

சிகிச்சை என் அக்கா மகளுக்கு. அவளுக்குக் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. "சித்தி, நீங்களும் வாங்க, தனியா உக்கார முடியாது" என்று கூப்பிட்டாள், போனேன். அவள் முடி பிறவியில் சுருட்டை. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான், அம்மா வழி. காலேஜ் இரண்டாம் வருஷம் ரீபாண்டிங் செய்தாள். வேலைக்குப் போன பிறகு செம்பட்டைக் கலர் அடித்தாள், கலருக்கு முன்னால் பிளீச். தினமும் காலையில் ஆபீஸ் போகும் அவசரத்தில் அயர்ன். குளிப்பது போர் தண்ணீரில். கல்யாணம் நிச்சயமானபோது அவள் தலையைக் கோதிப் பார்த்தேன். கையில் தட்டுப்பட்டது தும்புக் கயிறு மாதிரி இருந்தது. ஒற்றை முடி ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக உருவினேன். விரல் வழுக்கவில்லை, நறநறவென்று பிடித்துப் பிடித்துப் போனது. நுனி மூன்றாகப் பிளந்து, பழைய பாய் ஓரம் பிரிந்தது போல நின்றது.

இப்படிப்பட்ட முடியைத்தான் இந்தச் சிகிச்சை தேடிப் பிடித்து அணைத்துக்கொள்கிறது. அந்தக் குணத்தை முதலில் சொல்ல வேண்டும்.

முடியின் மேல்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து அடுக்கியிருக்கும். அந்த ஓட்டின் மேலே பிறவியிலேயே ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதும், ஒரு முடி இன்னொன்றோடு உரசாமல் நழுவுவதும் அதனால்தான். பிளீச்சும் ரீபாண்டிங்கும் அந்தப் பூச்சைக் கழுவிவிடும். தினசரிச் சூடு ஓட்டையே பெயர்த்துவிடும். பூச்சு போன இடத்தில் முடிக்கு எதிர்மின் தன்மை கூடுகிறது. கண்டிஷனரில் இருக்கும் பொருள்கள் நேர்மின் கொண்டவை. அதனால் கெட்டுப்போன இடம் எதுவோ, அங்கேதான் அவை அதிகமாய்ப் போய் ஒட்டும். நல்ல முடியில் அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடமில்லை. வேரருகே கொஞ்சமாகவும், நைந்த நுனியில் நிறையவும் போய்ப் படியும். யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. சிலிகோன் வகையிலும் இப்படிப் புண்பட்ட இடம் பார்த்துப் படிகிற ஒன்று உண்டு. இவ்வளவு கண்ணுள்ள பூச்சு வேறு எங்கே இருக்கிறது? ஹேர் ஸ்பா என்று க்ரீமைத் தடவி, சுடுதண்ணீரில் பிழிந்த டவலைச் சுற்றி, ஸ்டீம் வைத்து எடுக்கிறார்களே, அதிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். அது நாலைந்து குளியலோடு போய்விடும். ஆளை ஒன்றும் செய்யாது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஸ்மூத்தனிங் அதோடு நிற்கவில்லை, அதைவிட மேலே போகிறது. மேலே போவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பார்லரில் இருந்த பெண் துறையூர்ப் பக்கத்தவள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். அவள் வேலையை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். முதலில் அழுக்கெல்லாம் போகிற ஷாம்பு இரண்டு தரம். பிறகு உலர்த்தி, தலையை நாலு பாகமாய்ப் பிரித்து கிளிப் போட்டு, சின்ன பிரஷ்ஷால் அரை அங்குலம் வேரை விட்டு மருந்தைத் தடவினாள். முக்கால் மணி நேரம் ஊற வைத்தாள். ட்ரையர் போட்டாள். கடைசியில் அயர்ன். அதன் முகப்பில் 230 என்று எண் எரிந்தது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே புகைந்துவிடும். பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை எடுப்பாள், சீப்பால் ஒரு வாரு, அதன் பின்னாலேயே அயர்ன் தகடு. ஒரு கற்றைக்கு ஏழு இழுப்பு. நான் எண்ணினேன், மொத்தம் 74 கற்றை. ஏழால் பெருக்கினால் 518 இழுப்பு. ஒன்றில்கூட வேரில் சூடு படவில்லை, காது மடல் சுடவில்லை. மாப்பிள்ளை வீட்டு நகைக்குக் கல் பதிக்கிற ஆசாரியின் கை அப்படி இருக்கும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் முடியிலிருந்து வெள்ளையாய் ஒரு புகை எழுந்தது. எழும்போதெல்லாம் அந்தப் பெண் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டாள். நீல நிற சர்ஜிகல் மாஸ்க் போட்டிருந்தாள், அது மூக்குக்குக் கீழே நழுவ நழுவ, கை ஓயாததால் தோளால் மேலே தள்ளிக்கொண்டாள். தகடு மேலே தொடங்கும்போது மூச்சை இழுப்பாள், நுனிக்கு வந்து விடுபடும்போது விடுவாள். இது யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை, அவளாகக் கண்டுபிடித்த முறை. 518 தடவை அவள் மூச்சு அந்தத் தாளத்தில் நின்று நின்று நடந்தது. அவள் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நெகிழ்கிறது. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்தச் சிகிச்சையே இல்லை.

எனக்கு முப்பதாவது கற்றையிலேயே கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. தொண்டையில் மிளகாய் வறுத்த கமறல். "ஏம்மா, அந்த ஜன்னலைத் திறந்தா என்ன?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஓனரம்மாவைப் பார்த்தாள். "ஏ.சி. ஓடுது மேடம், திறந்தா கூலிங் போயிடும். கஸ்டமர் கஷ்டப்படுவாங்க" என்றார் அவர். கஸ்டமர்மேல் அவருக்கு உண்மையாகவே அக்கறை. என் அக்கா மகளின் முகத்தில் ஒரு துளி வியர்வை வரவிடவில்லை.

அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில், ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் எழுத்து அந்த லேபிள் எழுத்து. அதில் ஒரு சொல் பொய் கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன். தண்ணீர், கொழுப்பு ஆல்கஹால், வாசனை, ஹைட்ரலைஸ்டு கெரட்டின், நடுவில் கிளையாக்ஸிலிக் அமிலம். ஆக, ஃபார்மால்டிஹைடு இல்லைதான். பாட்டில் மூடியிருக்கும்வரை, அலமாரியில் நிற்கும்வரை இல்லவே இல்லை. அந்த அமிலத்தை முடியில் தடவி 230 டிகிரித் தகட்டை வைத்து இழுக்கும்போதுதான் ஃபார்மால்டிஹைடு வெளியே வரும். பாட்டில் தன்னைப் பற்றி மட்டும் உறுதி கொடுத்திருக்கிறது. புகையைப் பற்றி அது எந்த உறுதியும் கொடுக்கவில்லை, கொடுக்காத உறுதியை மீறவும் இல்லை.

இந்தச் சுத்தமான மொழி ஒரே நாளில் வந்ததல்ல. முன்னோடிகள் பட்ட பாட்டில் வந்தது.

இந்த வித்தை பிரேசிலில் பிறந்தது. முடியில் கெரட்டினைத் தடவிச் சூடு வைத்தால் மட்டும் முடி நேராகிவிடாது. பாட்டிலில் இருக்கும் கெரட்டின் என்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் போன்றவற்றிலிருந்து எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்த புரதம். முடியின் உள்ளே இருக்கும் புரதச் சங்கிலிகளுக்கு இடையில் புதிதாய்க் குறுக்குக் கட்டுப் போட்டு, நேராக நிற்க வைப்பது ஃபார்மால்டிஹைடு. பெயரைக் கெரட்டினுக்குக் கொடுத்துவிட்டு வேலையையெல்லாம் தான் செய்தது அது. சவக்கிடங்கில் உடலைக் கெடாமல் வைப்பதும், மருத்துவக் கல்லூரி ஜாடியில் உறுப்பை ஐம்பது வருஷம் அப்படியே நிறுத்துவதும் இதே குறுக்குக் கட்டுதான். தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின் என்கிறோம். 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் மீன் வாங்கவில்லை. என் அக்கா மீன்காரம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள், பாவம். அந்த அக்காதான் மகளின் ஸ்மூத்தனிங்குக்கு முன்பணம் கட்டினாள்.

பிரேசில் அரசு ஃபார்மால்டிஹைடை முடி நேராக்கும் பொருளாக அனுமதித்ததே இல்லை. முடிக்கான பொருள் கெடாமல் இருக்க 0.2 சதவீதம்வரை சேர்க்கலாம் என்றார்கள், அவ்வளவுதான். பார்லர்களில் யார் அளந்தார்கள்? 2009-ல் மருந்துக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஃபார்மலின் விற்கக் கூடாது என்றே அங்கே தடை போட்டார்கள். அதற்குள் வித்தை கப்பலேறிவிட்டது.

2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லாண்ட் நகரம். அங்கே ஒரு சலூனில் இந்த வேலை செய்த பெண்களுக்குக் கண் எரிச்சல், மூச்சு இழுப்பு, மூக்கில் ரத்தம். அவர்கள் கையிலிருந்த பாட்டில் பிரேசிலியன் ப்ளோஅவுட். அதன் மேலேயும் ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ என்றுதான் போட்டிருந்தது. பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையும் ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் சோதித்ததில் சராசரி 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கம்பெனி கொடுத்த விளக்கம், ரசாயனம் படித்த யாரும் நின்று கேட்க வேண்டிய விளக்கம். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் தண்ணீரோடு சேர்ந்து மெத்திலீன் கிளைக்கால் என்ற வேறு பெயருள்ள பொருளாகிவிடுகிறது, அது ஃபார்மால்டிஹைடு இல்லை. உண்மை. தண்ணீர் போனால் அது மறுபடி ஃபார்மால்டிஹைடு ஆகிவிடும். அதுவும் உண்மை. தண்ணீரைப் போக்குவதற்குத்தானே ட்ரையரும் அயர்னும்! ஈரப்பதம் இருக்கும்வரை ஒரு பெயர், காய்ந்தால் ஒரு பெயர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் மூக்கு. 2011 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலத்தோடு போட்ட சமரசத்தில் கம்பெனி 6 லட்சம் டாலர் கட்டி, லேபிளையும் விளம்பரத்தையும் மாற்ற ஒப்புக்கொண்டது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முதல் பட்டியலில் சேர்த்திருந்தது. அப்படி ஊரறிந்த பொருளை அமைதியாக முடியில் தடவிக் காட்ட எவ்வளவு நிதானம் வேண்டும்.

நான் இங்கே ஃபார்மால்டிஹைடைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் ஒளிவுமறைவே இல்லாதது அது ஒன்றுதான். வந்த மறுநொடி கண்ணைக் குத்தி, மூக்கைச் சுட்டு, "நான் வந்திருக்கிறேன், எழுந்து போ" என்று சொல்லும். நல்லபாம்புகூடச் சீறிவிட்டுத்தான் கடிக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். எச்சரிக்கை கொடுத்தது ரசாயனம். ஜன்னலைச் சாத்தியது மனுஷர்கள்.

ஊரெல்லாம் ஃபார்மால்டிஹைடு என்ற பெயர் கெட்டுப்போன பிறகுதான் கிளையாக்ஸிலிக் அமிலம் முன்னுக்கு வந்தது. இதன் பெருமை தனி. பாட்டிலில் இருக்கும்போது கண்ணைக் குத்துவது குறைவு, வாசனை போட்டால் மறைந்துவிடும், அயர்ன் வைக்கும்வரை மூக்குக்கு எட்டாது. துனீசியாவில் 26 வயதுப் பெண் ஒருத்தி 2020 ஜூனில், 2021 ஏப்ரலில், 2022 ஜூலையில் என்று மூன்று தரம் ஒரே சலூனில் முடி நேராக்கிக்கொண்டாள். மூன்று தரமும் தலைத்தோல் எரிச்சல், வாந்தி, காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரகம் திடீரென்று பழுதாகிவிட்டது. தடவிய க்ரீமில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. பிரெஞ்சு மருத்துவர்கள் அதே க்ரீமை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் படிந்தன. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. இஸ்ரேலில் இதைப் போல 26 பேரின் கதையை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அந்தத் துனீசியப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் தேறிவிட்டது. முடி மட்டும் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் அவள் இரண்டாம் தரம் ஏன் போகப் போகிறாள்? உபயோகித்தவர்களை இது திரும்ப வரவழைக்கும் அழகை நான் வேறு எந்த மருந்திலும் பார்த்ததில்லை.

இன்னும் நெடுங்காலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருஷம் தொடர்ந்து கவனித்து 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. முடி நேராக்கும் பொருள்களை ஒருபோதும் உபயோகிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி உபயோகித்தவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எந்தப் பொருள், எந்தக் கம்பெனி என்று அதில் பிரித்துக் கேட்கவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. அதனால் எல்லாரும் நிம்மதியாகத் தொழிலைத் தொடர முடிகிறது.

சரி, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

518-ஆவது இழுப்பு முடிந்து அந்தப் பெண் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். அக்கா மகள் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். முடி ஒரே திரையாக அசைந்து, ஒரே திரையாக வந்து நின்றது. கோரை முடி என்பார்களே, அதைவிட நேர். டியூப்லைட் வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை ஒரு கோடாக வழிந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். பதினாலு வயதிலிருந்து "பரட்டை" என்று கேலி கேட்டு வளர்ந்த பெண் அது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து, தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த ஐந்து நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்தது இந்தச் சிகிச்சைதான். பிறந்த வீட்டு முடியைக் கொண்டு எங்களால் அவளுக்குக் கொடுக்க முடியாமல் போனதை 7,500 ரூபாய்க்கு அது கொடுத்தது. எங்கள் அத்தனை பேரின் வாயும் சேர்ந்து பத்து வருஷத்தில் கெடுத்ததை அது ஒரு மத்தியானத்தில் சரிசெய்தது. இதை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

"மூணு நாள் தலையில தண்ணி படக் கூடாது மேடம். கட்டக் கூடாது, கிளிப் போடக் கூடாது, காதுக்குப் பின்னால ஒதுக்கக் கூடாது. வேர்க்கவும் கூடாது" என்று அந்தப் பெண் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாள். அந்த மூன்று நாளும் அக்கா மகள் மல்லாந்து படுத்தாள், திரும்பவில்லை. சுமங்கலிப் பிரார்த்தனைக்கு வந்த பெரியவர்கள் கொண்டுவந்த மல்லிகைப்பூ தட்டிலேயே வாடியது. எந்த மாமியார் சொல்லியும் கேட்காத கட்டுப்பாட்டைப் பாட்டில் சொல்லி அவள் கேட்டாள்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு மேக்கப் போட வந்த பெண் அந்த நேரான முடியைப் பார்த்து, "சூப்பரா இருக்கு" என்றாள். உடனே கர்லிங் டாங்ஸைச் சூடாக்கி முன்பக்க முடியைச் சுருட்டிவிட்டாள். கல்யாணப் போட்டோவுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் சுருள் விழுந்தால்தான் எடுப்பாம். நேராக்கிய முடி சுருளைப் பிடித்து நிற்கவில்லை, அரை பாட்டில் ஸ்பிரே அடித்து நிறுத்தினாள். பின்பக்கம் முழுதையும் இறுக்கிக் கட்டி, சவுரி வைத்துப் பின்னி, அதன் மேல் ஜடை பில்லை, அதன் மேல் பூ ஜடை. தாலி கட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நாலே முக்கால் மணி நேரத்து முடியில் ஒரு அங்குலம்கூட வெளியே தெரியவில்லை. சவுரிக்கு அடியில் அது சத்தமில்லாமல் நேராகவே இருந்தது. தன்னை யாரும் பார்க்காத இடத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய விசுவாசம் அது.

நாலு மாதம் கழித்து அவள் வந்தபோது வேரிலிருந்து மூன்று விரல் அகலத்துக்குப் பழைய சுருட்டை வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே மருந்து தேய்ந்து, முன்பைவிட நைந்த நுனி. உயிர் வேரில் மட்டும்தான் இருக்கிறது, வெளியே வந்த முடி செத்த பொருள். புண் ஆறுவதுபோல அது ஆறாது. பூசினால் மறையும், வெட்டினால் போகும், மூன்றாவது வழி கிடையாது. எங்கள் அம்மா சனிக்கிழமை தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெயும் அதை ஆற்றியதில்லை. ஆனால் குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடியின் உள்ளே இறங்கி, தண்ணீரில் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் சோதித்து எழுதினார்கள். நைந்து போகாமல் காக்கும், நைந்ததைப் பளபளப்பாக்கத் தெரியாது. அதனால்தான் அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடையாது.

"சித்தி, ஞாயித்துக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், வர்றீங்களா?" என்றாள். "வேண்டாம்டி, நுனியை வெட்டி விட்டுட்டு, வளர்றதை அப்படியே வளர விடு" என்றேன். படித்ததையெல்லாம் சொன்னேன், சிறுநீரகத்தைச் சொன்னேன், குழந்தைக்குப் பார்க்கிற நேரம், இது வேண்டாமே என்று கையைப் பிடித்துக் கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஃபார்மால்டிஹைடு ஃப்ரீன்னு போட்டிருக்கே சித்தி" என்றாள். அந்தத் தங்க எழுத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

அதே மாடி, அதே சாத்திய ஜன்னல். அதே துறையூர்ப் பெண் சிரித்துக்கொண்டே வந்து கேப்பை எடுத்து அக்கா மகளின் கழுத்தில் கட்டினாள். வேலை இப்போது நிறைய என்றாள், ஒரு நாளைக்கு இரண்டு ஸ்மூத்தனிங், முகூர்த்த மாதத்தில் மூன்று. அக்கா மகள் நாலு மாதத்துக்கு ஒரு முறை வாங்குகிற புகையை அவள் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வாங்குகிறாள். கை முன்னைவிட வேகம் கூடியிருந்தது. அயர்ன் ஓடியது, புகை எழுந்தது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. மூச்சும் அடக்கவில்லை, சாதாரணமாக இழுத்து விட்டுக்கொண்டே பேசினாள்.

"கண்ணு எரியலையாம்மா?" என்றேன்.

"ஆரம்பத்துலதான் மேடம். இப்பல்லாம் எரியறதே இல்ல. வாசனைகூடத் தெரியறதில்ல, பழகிடுச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தொழில் கைவந்த ஒரு பெருமை இருந்தது. இந்தப் புகைக்கு மூக்கு மரத்துப்போகும். புகை குறைந்ததாக அதற்கு அர்த்தமில்லை.

பிறகு அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, டிஷ்யூ பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான் கண்ணுல தண்ணி வருது, தொடைச்சுக்கங்க மேடம்."